மூன்று நிமிடம் மூச்சு வாங்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஜிம்மில் இருக்கும் துடுப்பு மெஷின் (ரோயிங் மெஷின்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ‘நடுவில் நிறுத்தாமல் இழுத்தால்தான் பலன்’ என்று அதில் ஒரு வரி. இதே பேச்சை நம்பிப் பத்து நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 52. காலை முதல் இரவு வரை சம்மணம் போட்டு உட்காரும் வேலை. இடுப்பு இறுகி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மகள்தான் பிடித்துத் தள்ளி ஜிம்மில் சேர்த்துவிட்டாள். அங்கே இருந்த எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்துப் போனது இந்த மெஷின். நகரும் இருக்கை, ஒரு சங்கிலி, முன்னால் காற்றாடிச் சக்கரம், இழுத்த தூரத்தையும் நேரத்தையும் காட்டும் திரை. கால்தான் பெரும்பகுதி வேலை செய்கிறது, ஆனாலும் இருந்த இடத்திலேயே நகர்வதால் முட்டிக்கும் அதிர்ச்சி இல்லை.

எங்கள் ஜிம்மில் இது ஒன்றே ஒன்றுதான். பின்னால் எப்போதும் இரண்டு பேர் துண்டோடு நிற்பார்கள். பயிற்சியாளர் தம்பி எனக்கு ஆறு முறை 500 மீட்டர் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். நடுவில் ஒரு நிமிடம் மட்டும் ஓய்வு. ஒரு நிமிடம் முடிந்தால் விசில். “உக்காந்துட்டா உடம்பு ஆறிடும்ணே, இழுங்க!”

அன்றைக்குத் திரையில் வந்த எண்களை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். முதல் 500 மீட்டர் 2 நிமிடம் 12 விநாடி. இரண்டாவது 2:14. மூன்றாவது 2:21. நான்காவது 2:33. பார்க்க 21 விநாடிதானே என்று தோன்றும். ஆனால் இந்த மெஷினில் வேகத்துக்கும் சக்திக்கும் உள்ள கணக்கு நேர்க்கோடு அல்ல. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். அதன்படி 2:12 என்பது 152 வாட், 2:33 என்பது 98 வாட். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது. வேகத்தைக் கூட்டத்தான் இந்தப் பயிற்சி, நான் செய்ததோ திணறிப் பழகியது மட்டும்.

ஐந்தாவது சுற்றில்தான் வினை. முதலில் கால் உதைக்க வேண்டும், அப்புறம் முதுகு சாய வேண்டும், கடைசியில் கை இழுக்க வேண்டும். களைத்துப் போனவனுக்கு இந்த வரிசை தலைகீழாகிவிடும். கால் வராது, முதுகைக் கூன் போட்டு இழுப்பான். நானும் அப்படித்தான் இழுத்தேன். இடுப்புக்குக் கீழே சுளீர் என்றது. பத்து நாள் பட்டறையில் உட்கார முடியவில்லை. பண்டிகை ஆர்டர் வேறு கையில் இருந்தது.

படுத்திருந்தபோது அப்பா ஞாபகம் வந்தது. கொலுசுக்கு வெள்ளிக் கம்பியை மெலிதாக இழுக்க இப்போது மெஷின் வந்துவிட்டது. நான் சிறுவனாக இருந்தபோது கையால்தான். கம்பியச்சு என்று ஓர் இரும்புத் தகடு, அதில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளைகள். வெள்ளிக் கம்பியை அந்தத் துளைகளில் ஒவ்வொன்றாக நுழைத்து இடுக்கியால் பிடித்து இழுக்க வேண்டும். நாலைந்து துளை தாண்டியதும் கம்பி விறைத்துக்கொள்ளும். அதற்குமேல் இழுக்கக் கூடாது. நெருப்பில் காட்டி, லேசாகச் சிவந்ததும் எடுத்து ஆற வைத்தால் மறுபடி இளகும், பிறகு அடுத்த துளை. பொறுமை இல்லாமல் ஒருமுறை நான் அப்படியே இழுத்துக் கம்பி அறுந்து மல்லாக்க விழுந்தேன். அப்பா திட்டவில்லை. அறுந்த இரண்டு துண்டையும் என் கையில் கொடுத்து மறுபடி உருக்கச் சொன்னார்.

முதுகு சரியானதும் எனக்கு வைத்தியம் பார்த்த பிசியோதெரபி அம்மாவிடம், சுற்றுக்கு நடுவில் உடம்புக்கு எவ்வளவு ஓய்வு வேண்டும் என்று கேட்டேன். தசைக்குள் உடனடிச் செலவுக்கென்று கிரியேட்டின் பாஸ்பேட் என ஒரு சேமிப்பு உண்டாம். முழு வேகத்தில் இழுத்தால் சில விநாடிகளிலேயே கரைந்துவிடும். அரை நிமிட ஓய்வில் ஏறக்குறைய பாதி திரும்பும், முழுதாக நிரம்ப மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஆகும். இந்த மெஷினில் பழகுபவர்கள் பரவலாகச் செய்யும் பயிற்சி ஒன்று இருக்கிறது: எட்டு முறை 500 மீட்டர், நடுவில் மூன்றரை நிமிடம். 1000 மீட்டர் நான்கு முறை என்றால் ஐந்து நிமிடம். ஓய்வு நேரத்தை மெஷினிலேயே பதிந்து வைக்கலாம், திரையில் அதுவே இறங்குமுகமாக எண்ணிக் காட்டும். ஒரு நிமிட ஓய்வே தப்பு என்று நான் சொல்லவில்லை. நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் தம்மை வளர்க்க நிதானமாக இழுக்கிறவருக்கு அது போதும். வேகம் மட்டும் முழுசாக வேண்டும், ஓய்வு அரைகுறையாக இருக்கட்டும் என்றால்தான் உடம்பு கேட்பதில்லை.

ஓய்வு என்றதும் பொத்தென்று சாய்ந்துவிடவும் கூடாது. சட்டென்று நிறுத்தினால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும். கைப்பிடியை லேசாக இழுத்துக்கொண்டே இருக்கலாம், அல்லது எழுந்து மெதுவாக நடக்கலாம். சேலத்துச் சித்திரை வெயிலில், தகர ஷெட் போட்ட ஜிம்மில், நாடி இறங்க இன்னும் நேரம் பிடிக்கும். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் நான் ஏப்ரல், மே மாதங்களில் அடுத்த சுற்றைத் தொடங்குகிறேன். ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த வேகப் பயிற்சியில் இறங்க வேண்டாம்.

இன்னொன்று. சக்கரத்தின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை ஒரு நெம்புகோல் இருக்கும். எங்கள் பையன்கள் வந்ததும் அதை 10-இல் தள்ளிவிடுவார்கள், ஏதோ வீரம் என்று. அது காற்று எவ்வளவு உள்ளே போகலாம் என்பதைத்தான் மாற்றுகிறது, சைக்கிள் கியர் மாதிரி. நடுவில் வைத்தாலே போதும்.

சரி, வரிசையில் நிற்பவர்களை என்ன செய்வது? இதற்குத்தான் பயிற்சியாளர்கள் பயப்படுகிறார்கள், அவர்கள் மேல் கோபமில்லை. ஏற்காடு ஏரியில் கை ஓய்ந்தால் துடுப்பைப் படகுக்குள் எடுத்து வைத்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஜிம்மில் பின்னால் ஆள் நிற்கிறான். எங்கள் ஜிம்மில் நாங்கள் கண்டுபிடித்த வழி எளிது. நானும் ஜவுளிக் கடையில் வேலை செய்யும் ஒரு நண்பரும் ஜோடி சேர்ந்துகொண்டோம். நான் 500 மீட்டர் இழுத்து இறங்கியதும் அவர் ஏறுவார். பாதப் பட்டையை அவிழ்த்துக் கட்டும் நேரத்தையும் சேர்த்தால் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓய்வு தானாகவே கிடைக்கிறது. மெஷினும் சும்மா கிடப்பதில்லை. அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், இரண்டு பேர் ஆறு ஆறு சுற்று முடித்துவிடுகிறோம்.

போன சனிக்கிழமை என் எண்கள்: 2:13, 2:12, 2:13, 2:14, 2:13, 2:11. கடைசிச் சுற்றுதான் எல்லாவற்றிலும் வேகம். விசில் தம்பியே வந்து திரையைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். மூன்று பேரானால் ஓய்வு ஐந்து நிமிடத்தைத் தாண்டிவிடும், அவருக்கு 1000 மீட்டர் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரர்,
சிவதாபுரம், சேலம்.