உன்னால் போட்டுக்கொள்ள முடியாத மருந்து

கண்ணு,

நேற்று போனில் "அந்த மூக்கு மருந்து எங்கேடா இருக்கு?" என்று கேட்டதற்கு, "டிராயர்ல இருக்கும்மா, பிரிக்கவே இல்ல" என்றாய். பிரிக்காமல் வைத்திருப்பது சரிதான். குழாயைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைத் தேவை வரும் வரை பிரிக்கவே கூடாது, ஈரம் பட்டால் உள்ளே இருக்கும் பொடி கெட்டுவிடும். நான் கேட்க வந்தது வேறு. அது எந்த டிராயரில் இருக்கிறது என்று கூடத் தங்கியிருக்கும் பையன்களுக்குத் தெரியுமா? "அவங்களுக்கு எதுக்கும்மா?" என்று நீ சிரித்ததும், போனில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் இது.

இன்சுலினை நீயே போட்டுக்கொள்கிறாய். சர்க்கரை இறங்கினால் ஜூஸை நீயே எடுத்துக் குடிக்கிறாய். சர்க்கரை அளக்கும் சென்சாரை மாற்றுவதும் நீதான். ஆறாம் வகுப்பிலிருந்தே இதையெல்லாம் யாரையும் எதிர்பார்க்காமல் செய்து பழகிவிட்டாய், எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்த மூக்கு மருந்து, அதாவது குளுக்ககான், அந்த வரிசையில் சேராது. சர்க்கரை ரொம்ப இறங்கி நீ மயங்கிவிட்டால் அதை ஏற்றுவதற்குத்தான் அது. அது தேவைப்படும் நேரத்தில் உனக்கு நினைவே இருக்காது. பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர் உன்னுடையது, ஆனால் அதைக் கையில் எடுக்கப் போவது எப்போதுமே வேறு ஒருவர்தான்.

அது உடம்பில் என்ன செய்கிறது என்று தெரிந்தால் நான் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறேன் என்பது உனக்கே புரியும். சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸில் ஒரு பங்கை இன்சுலின் கல்லீரலில் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. அறுத்த நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பது மாதிரிதான். வளர்ந்த ஆளின் கல்லீரலில் சுமார் 100 கிராம் இருக்கும். மூளை மட்டுமே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸைச் செலவழிக்கிறது. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் தெளிவாக எழுந்திருக்கிறார் என்றால், குதிரிலிருந்து யாரோ இரவு முழுக்க அளந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வேலையைச் செய்வது குளுக்ககான். கணையத்தின் லாங்கர்ஹான் திட்டுகளில், இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை ஒட்டியே இருக்கும் ஆல்ஃபா செல்கள் குளுக்ககானைச் சுரக்கின்றன. 29 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி அது, ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தாக்குப்பிடிக்கும். இருப்பு குறையக் குறைய, அமினோ அமிலத்திலிருந்தும் லாக்டேட்டிலிருந்தும் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கவும், கொழுப்பைக் கீட்டோனாக மாற்றவும் அதுதான் கல்லீரலை விரட்டும். தசையிலும் கிளைக்கோஜன் நிறைய உண்டு. ஆனால் தசை அதைத் தன் உபயோகத்துக்கே வைத்துக்கொள்ளும், குளுக்ககானின் பேச்சு அங்கே எடுபடாது.

உனக்கு இருக்கும் டைப் 1 சர்க்கரை நோய் என்றால் பீட்டா செல்கள் போய்விட்டன என்று மட்டும்தான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆல்ஃபா செல்கள் சாகவில்லை. ஆனால் சர்க்கரை இறங்கும்போது சுரக்க வேண்டும் என்கிற புத்தி, நோய் வந்த சில வருடங்களிலேயே அவற்றுக்குப் போய்விடுகிறது. பக்கத்து பீட்டா செல்லில் இன்சுலின் நின்றுபோவது அவற்றுக்குக் கிடைக்கும் சைகைகளில் ஒன்று. உனக்கு இன்சுலின் ஊசியில் வருகிறது. போட்டது போட்டதுதான், சர்க்கரை 50-க்கு வந்தாலும் அது நிற்காது. வேடிக்கை என்னவென்றால், முட்டை, கோழி என்று புரதமாகச் சாப்பிட்டால் அதே ஆல்ஃபா செல்கள் ஒழுங்காகச் சுரக்கும். வெறும் கிரில் சிக்கன்தானே என்று சாப்பிட்ட அன்று சில மணி நேரம் கழித்து உன் சர்க்கரை மெதுவாக ஏறுகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு.

குளுக்ககான் கைவிட்டவனுக்கு அடுத்த காவல் அட்ரினலின். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு எல்லாம் அது கொடுக்கும் எச்சரிக்கைதான். அடிக்கடி சர்க்கரை இறங்கிக்கொண்டே இருந்தால் அந்தக் காவலும் அசந்துவிடும். போன மாதம் ஒரு நாள் உன் சென்சார் என் போனில் 2.9 என்று காட்டியது. உங்கள் ஊரில் விடியற்காலை மூன்று மணி, இங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அந்த ஊர்க் கணக்கை 18-ஆல் பெருக்கினால்தான் எனக்குப் புரியும். 52. திரும்பத் திரும்பக் கூப்பிட்ட பிறகு எடுத்து, "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று குழறினாய். வியர்க்கவும் இல்லை, நடுக்கமும் இல்லை என்றாய். 52-ல் உடம்பு எதுவும் சொல்லவில்லை என்றால் அதை உன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னாயா?

நீ இருக்கும் ஊருக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு இருக்கிறது. 1922 ஜனவரியில் டொரண்டோ பொது மருத்துவமனையில்தான் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அந்தக் காலத்துக் கணையச் சாற்றைச் செலுத்தினால் சர்க்கரை இறங்குவதற்கு முன் கொஞ்சம் ஏறிவிட்டு அப்புறம் இறங்கும். ஏன் ஏறுகிறது என்று பார்த்தவர்கள் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் இருந்த கிம்பாலும் மர்லினும். சாற்றில் சர்க்கரையை ஏற்றும் பொருள் ஒன்று தனியாக இருக்கிறது என்று 1923-ல் எழுதி, அதற்குக் குளுக்ககான் என்று பெயரும் வைத்தார்கள். வரைபடத்தைப் பார், நீ ஞாயிற்றுக்கிழமை காலாற நடக்கும் ஒன்டாரியோ ஏரியின் தென்கரையில்தான் ரோச்செஸ்டர். ஒரு கரையில் இறக்குவது, மறுகரையில் ஏற்றுவது. இன்சுலினுக்கு அந்த 1923-லேயே நோபல் கிடைத்தது. குளுக்ககானையோ இன்சுலினோடு வரும் கசடு என்றே ரொம்ப வருடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதன் 29 அமினோ அமிலங்களின் வரிசை தெரியவே 1957 ஆயிற்று.

அதே சமயத்தில்தான் எர்ல் சதர்லேண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, குளுக்ககானும் அட்ரினலினும் கல்லீரல் செல்லை எப்படி வேலை வாங்குகின்றன என்று துருவிக்கொண்டிருந்தார். இரண்டும் வெவ்வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டாலும் செல்லுக்குள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற ஒரே பொருளைத்தான் பெருக்குகின்றன என்று தெரிந்தது. 1971-ல் அவருக்கு நோபல். இதை உன்னிடம் சொல்வது படிப்பைக் காட்டிக்கொள்ள அல்ல, இதே வழியில் குளுக்ககான் வேறு சிலருக்கும் கைகொடுக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டெனலால், ப்ரொப்ரனலால் மாதிரி பீட்டா பிளாக்கர் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்கு இதயம் தளர்ந்து நாடி விழும். அட்ரினலின் ஒட்டும் இடத்தை மாத்திரை அடைத்துவிடுவதால் வழக்கமான மருந்து சரியாக வேலை செய்யாது. குளுக்ககான் ஒட்டும் இடம் வேறு என்பதால் அது உள்ளே அதே சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டி இதயத்தைத் துடிக்க வைக்கும். சர்க்கரைக்கு ஊசியாகப் போடும் அளவு 1 மில்லிகிராம் என்றால், இதற்கு நரம்பில் 5 மில்லிகிராமும் அதற்கு மேலும் போக வேண்டும். குடலின் அசைவையும் அது சற்று நேரம் நிறுத்தி வைக்கும். அதனால் வெளிநாடுகளில் ஸ்கேன், எண்டோஸ்கோபி செய்யும் இடங்களிலும் வைத்திருப்பார்கள். நான் நர்ஸாக வேலை பார்த்த வார்டில் குடலுக்கு பஸ்கோபான், சர்க்கரை இறங்கி வந்தவர்களுக்கு நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ், அவ்வளவுதான். குளுக்ககானை நான் கையில் தொட்டது குறைவு.

உன் பெரியப்பா கதை இதற்கு நேரெதிர். "ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன், காலையில வெறும் வயித்துல 160 காட்டுது" என்று மெஷின் மேல் பழி போடுவார். டைப் 2-வில் குளுக்ககான் தேவைக்கு மேல் சுரந்து, கேட்காமலேயே கல்லீரலைத் திறந்துவிடுவதும் அதற்கு ஒரு காரணம். இப்போது வாரம் ஒருமுறை ஊசி என்று எல்லாரும் பேசுகிறார்களே, அந்த ஜிஎல்பி-1 வகை மருந்துகள் குளுக்ககானையும் அடக்கித்தான் வைக்கின்றன. ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் நம் உடம்பில் உருவாவதும் குளுக்ககான் உருவாகும் அதே ஜீனிலிருந்துதான் என்பது இன்னொரு கூத்து. சரி, அவரை விடு.

குளுக்ககான் நெல் குதிரின் கதவைத் திறந்துதான் விடும், உள்ளே நெல்லைப் போடாது. அதுதான் நீ கவனிக்க வேண்டியது. நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலோ, மணிக்கணக்கில் ஓடியாடி விளையாடிவிட்டு ஒழுங்காகச் சாப்பிடாமல் படுத்தாலோ, திறந்துவிட அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. அப்புறம், வெள்ளிக்கிழமை ராத்திரி. நீ குடிப்பாயா என்று நான் கேட்கவில்லை, உன் அப்பாவும் கேட்கப் போவதில்லை. ஆனால் தெரிந்துகொள்: மது உள்ளே போனால் கல்லீரல் அதை எரிக்கிற வேலையில் இருக்கும், புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்காது. குடித்துப் பல மணி நேரம் கழித்து, விடியற்காலையில்கூட சர்க்கரை இறங்கும். அப்போது மூக்கில் மருந்தைப் போட்டாலும் பலன் குறைவாக இருக்கலாம். போதையில் தூங்குகிறான் என்று கூட இருப்பவர்கள் போர்வையைப் போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள், அதுதான் எனக்குப் பயம். வெறும் வயிற்றில் குடிக்காதே, படுக்கும் முன் ஏதாவது சாப்பிடு, சென்சார் அலாரத்தை அணைக்காதே. அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

முன்பெல்லாம் இந்த மருந்து ஒரு பெட்டியில் ஊசியாகத்தான் வரும். கரைத்து வைத்தால் திரிந்துவிடும் என்பதால் பொடி தனி, தண்ணீர் தனி. சிரிஞ்சில் இருக்கும் தண்ணீரைக் குப்பியில் செலுத்தி, குலுக்கி, மறுபடி உறிஞ்சி, தொடையில் குத்த வேண்டும். பழகிய நர்ஸுக்கு அது ஒன்றுமில்லை. கீழே ஒருவன் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருக்கும்போது இஞ்சினியரிங் படிக்கும் பையனால் முடியுமா? மூக்கில் போடும் பொடியை உருவாக்கிய மாண்ட்ரியல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் டைப் 1 உள்ள பிள்ளைகளின் தகப்பன். அது தெரிந்ததும் எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி வந்தது, கனடாவிலும் அந்த வருடமே.

பையன்களிடம் நீ சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கூப்பிட்டால் எழவில்லை, அல்லது விழுங்க முடியாத நிலையில் இருக்கிறாய் என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். சுகர் பேஷண்ட் மயங்கிவிட்டான் என்று இன்சுலினை எடுத்துக் குத்தவே கூடாது, இதை அழுத்திச் சொல். மஞ்சள் குழாயைப் பிரித்து, மருந்துக் கருவியின் நுனியை ஒரு மூக்குத்துவாரத்தில் வைத்து, அடியில் இருக்கும் பச்சைக் கோடு மறையும் வரை அழுத்த வேண்டும். சோதித்துப் பார்க்கிறேன் என்று முன்னாலேயே அழுத்தினால் போச்சு, ஒரே ஒரு தடவைக்குத்தான் மருந்து, 3 மில்லிகிராம். நீ மூச்சை இழுக்கத் தேவையில்லை, சளி பிடித்திருந்தாலும் வேலை செய்யும். உடனே ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், ஏனென்றால் நினைவு திரும்பும்போது பலருக்கு வாந்தி வரும். ஆம்புலன்ஸுக்கு 911-ஐக் கூப்பிட வேண்டும், குடித்த ராத்திரி என்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அவர்கள் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். பதினைந்து நிமிடத்தில் எழுந்திருக்கவில்லை என்றால், இன்னொரு குழாய் இருந்தால் அதையும் போடலாம். எழுந்த பிறகு முதலில் ஜூஸ், அடுத்து பிரெட்டோ சாதமோ வயிற்றுக்குக் கொஞ்சம். மருந்தின் வேகம் சீக்கிரம் அடங்கிவிடும், உள்ளே இன்சுலின் மிச்சம் இருந்தால் சர்க்கரை மறுபடி இறங்கும். நினைவோடு இருக்கிறவனுக்குத் தவறிப் போட்டுவிட்டால்? பெரும்பாலும் குமட்டும், தலை வலிக்கும், மூக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் வரும், சர்க்கரை கொஞ்ச நேரம் ஏறி நிற்கும். அந்தப் பயத்தில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்றும் சொல்லிவிடு.

டிராயர் வேண்டாம், ஃபிரிட்ஜ் மேலேயோ கதவுக்குப் பக்கத்திலேயோ எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வை. கல்லூரிப் பையில் போட இன்னொன்று வேண்டும், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது எழுதி வாங்கு. லீவுக்கு இங்கே வரும்போது ஒன்றைக் கொண்டு வா. ஆனால் 30 டிகிரிக்கு மேல் அதற்கு ஆகாது, ஈரோட்டு மே மாதத்தில் நம் ஹாலில் வைக்க முடியாது.

குழாயில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், போட்டோ எடுத்து அனுப்பு. கூடவே உன்னோடு தங்கியிருக்கும் அந்தக் கோட்டயத்துப் பையனின் நம்பரும். சனிக்கிழமை உங்களுக்குக் காலை ஒன்பது மணி ஆனதும் வீடியோவில் கூப்பிடுகிறேன், எல்லாரும் எழுந்திருங்கள். நீ சொல்ல வெட்கப்பட்டால் நானே அவனுக்குச் சொல்லித் தருகிறேன். எனக்கு மலையாளம் ஓரளவு வரும்.

அம்மா