மரச்சட்டத்துக்கு அளவு கேட்டு

சிவமயம்
கானாடுகாத்தான்

அன்புள்ள தம்பிக்கு அப்பச்சி எழுதுவது.

ஆத்தாளும் நானும் நலம். உன் வீட்டுத் தொலைக்காட்சியைச் சுற்றி மரச்சட்டம் வேண்டும் என்று பொங்கலன்று நீ கேட்டதை ஆசாரியிடம் சொல்லி வேலையும் தொடங்கிவிட்டது. வளவில் உங்கள் இருவருக்கும் விட்டிருந்த அறையின் கூரை ஐப்பசி மழையில் இறங்கியபோது கழற்றி வைத்த வாசல்நிலையின் கால்களை நீளவாக்கில் அறுத்து அதற்கு எடுத்துக்கொண்டோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து விலை கேட்டும் கொடுக்க மனம் வரவில்லை. ஐயா காலத்தில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு. வெளியே கறுத்துக் கிடந்தாலும் வாள் பட்டதும் உள்ளே தேன் நிறம் தெரிந்தது, பட்டாலை முழுவதும் எண்ணெய் வாசம் வந்தது.

மேற்சட்டத்தில் கஜலட்சுமி வைக்கலாம் என்றார் ஆசாரி. கீழே நாளெல்லாம் அடிதடிப் படம் ஓடும் இடத்தில் அவள் எதற்கு என்று சொல்லி, கொடியும் இலையுமான கொடிக்கருக்குச் செதுக்கலோடு நிறுத்தச் சொன்னேன்.

உன் தொலைக்காட்சிக்கு நீ சொன்ன 55 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு; திரை மட்டும் ஏறத்தாழ 48 அங்குல அகலமும் 27 அங்குல உயரமும் இருக்கும். எங்களுக்கு வேண்டியது பெட்டியின் வெளி அளவும், சுவரிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும். பின்புறச் சூடு வெளியேற மேலும் கீழும் இடம் விட வேண்டும். ரிமோட் ஒளியை வாங்கும் கண் பெரும்பாலும் கீழ் விளிம்பில் இருப்பதால் அங்கே மரம் மறைக்கக் கூடாது. கண் எங்கே என்று பார்த்து எழுது.

படம் அனுப்பியிருந்தாய். சுவர் நன்றாகத் தெரிகிறது. எதிரே ஒரே ஒரு நாற்காலி கிடக்கிறது. சோபாவை வேறு அறைக்கு மாற்றியிருக்கிறீர்களோ என்று ஆத்தா கேட்டாள். அப்படித்தான் இருக்கும் என்றேன். மருமகளுக்குக் கொடிக்கருக்கு பிடிக்குமா என்று அவளிடமே கேட்கலாமென்றால், நாங்கள் பேசும் நேரமெல்லாம் அவளுக்கு வேலை நேரமாக இருக்கிறது. டொரான்டோவில் வீடு வாங்கிய முதல் ஆள் நம் பங்காளிகளில் நீதான் என்று ஊரெல்லாம் சொல்கிறேன். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ரிமோட்டின் கண்ணைப் பார்க்க மறந்துவிடாதே.

நம் வீட்டின் முதல் தொலைக்காட்சிக்கும் நான்தான் மரப்பெட்டி செய்வித்தேன். அதற்குக் கதவும் பித்தளைப் பூட்டும் வைத்துச் சாவியை மடியில் வைத்திருந்தேன். 1996 மார்ச் 13 அன்று கல்கத்தாவில் இலங்கையோடு உலகக் கோப்பை கிரிக்கெட் அரையிறுதி ஆட்டம்; பரீட்சை நேரம் என்று திறக்க மறுத்தேன். நீ எதிர்வீட்டில் பார்த்துவிட்டு வந்து டியூஷனுக்குப் போனதாகச் சொன்னாய். பங்காளிகள் பார்க்க வளவில் நிறுத்தி அடித்தேன். பொய்க்காக அடித்தேன் என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். என் பூட்டை நீ மதிக்கவில்லையே என்ற கோபத்தில்தான் அடித்தேன். அதன்பிறகு நீ என்னிடம் பொய் சொன்னதில்லை, வேறெதுவும் சொன்னதுமில்லை. பெட்டியை நான் அன்றே திறந்திருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்துக்குக் கதவு கிடையாது.

நான்கு துண்டுகளாகத்தான் அனுப்புவோம். குளிர்காலத்தில் அங்கே வீட்டுக்குள் காற்று வறண்டு மரம் சற்றுச் சுருங்கும் என்பதால் மூலைகளைப் பசையிட்டு ஒட்டாதே, பின்னால் தகடு வைத்துத் திருகாணியால் முடுக்கு. உங்கள் சுவர் நம் சுவரைப் போலச் செங்கல் அல்ல. அட்டைப்பலகைக்குப் பின்னால் இருக்கும் மரக்கால்களில்தான் திருகாணி இறங்க வேண்டும். பாரமான தேக்கு, ஒருவர் தாங்கிப் பிடிக்க, ஒருவர் முடுக்க வேண்டும். உடன் பிடிக்க ஆள் இருக்கிறதா என்று மட்டும் எழுது. இல்லையென்றாலும் எழுது. என் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

அளவு வந்த பிறகே மூலை வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

அப்பச்சி