நேற்றே அனுப்பிட்டேன்

அன்பு கயல்,

உன் மேனேஜர் திருத்தும் முன் நீ எழுதியிருந்த வரியைப் பார்த்தேன்: 'ஐ ஹேவ் சென்ட் த ரிப்போர்ட் யெஸ்டர்டே.' அவர் திருத்தியது சரிதான். இந்தப் பிழை தமிழிலிருந்து வருவது. 'நேற்றே அனுப்பிட்டேன்' என்கிறோமே, அந்த 'இட்டேன்' வேலை முடிந்ததை அழுத்திச் சொல்கிறது. அதே அழுத்தத்தைத் தேடித்தான் கை 'ஹேவ்' பக்கம் போகிறது. ஆங்கிலத்தில் 'ஹேவ் சென்ட்' என்பது எப்போது என்பதை விட்டுவிட்டு, இன்றைய நிலையை மட்டும் சொல்வது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ என்று முடிந்த காலத்தைக் குறித்துவிட்டால் வெறும் 'ஐ சென்ட் இட்' போதும். டுடே, திஸ் வீக் இன்னும் முடியாதவை. அவற்றோடு ஹேவ் வரலாம். கேள்வியிலும் இதே கதைதான்: 'வென் ஹேவ் யூ சென்ட் இட்?' தவறு, 'வென் டிட் யூ சென்ட் இட்?' சரி.

'மூன்று வருஷமாக வேலை செய்கிறேன்' என்பதை 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று எழுதியிருக்கிறாய். ஒரே வரியில் இரண்டு பிழை, கண்ணு. அன்று தொடங்கி இன்றும் தொடர்வதால் 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்'. அடுத்தது சின்ஸ். அதற்குத் தமிழே வழி சொல்லும்: 'வருஷமாக' என்று 'ஆக' வந்தால் ஃபார், '2022-லிருந்து' என்று 'இருந்து' வந்தால் சின்ஸ்.

'எ', 'ஆன்' குழப்பத்துக்கும் அப்படித்தான். ஓர் ஊர், ஒரு வீடு என்கிறோம் அல்லவா, அதே காதுக் கணக்கு. ஆங்கில எழுத்தைப் பார்க்காதே, அடுத்த சொல்லைத் தமிழில் எழுதிப் பார். உயிரெழுத்தில் தொடங்கினால் ஆன்: ஆன் அவர் (மணி நேரம்), ஆன் எம்.பி.ஏ. யுனிவர்சிட்டி 'யு'வில் தொடங்குவதால் எ யுனிவர்சிட்டி. சில இடங்களில் மட்டும் கவனம். உதாரணமாக, 'ஒன்வே' என்று எழுதினாலும் வாயில் வருவது 'வன்'. ஆகவே எ வன்வே ஸ்ட்ரீட்.

'த' எங்கே வரும் என்று கேட்டாயே? 'ஓர் ஊரில் ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு...' முதல் முறை 'எ', கேட்பவருக்குத் தெரிந்தபின் 'த'. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் பாதிக் குழப்பம் தீரும்.

'டிஸ்கஸ் அபௌட்' வேண்டாம். 'பற்றி' அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. 'ஐ ஹேவ் எ டௌட்' என்றால் லண்டனில் உள்ளவருக்கு, அவர் சொன்னதை நீ நம்பவில்லை என்று படலாம். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று சொல். பதில் எழுதுவதற்கு 'ரிவர்ட்' நம் ஆபீஸ்களில் ஓடும். அங்கே பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். அதனால் 'ரிப்ளை' என்றே போடு.

அமெரிக்கக் குழுவோடு பேசும்போது 'டேபிள்' என்ற வினையைத் தொடவே தொடாதே. பிரிட்டனில் ஒன்றை விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. ஒரே மீட்டிங்கில் இருவரும் நேர் எதிராகப் புரிந்துகொள்வார்கள்.

அடுத்த மெயிலை அனுப்பும் முன் 'ஹேவ்' வரும் இடங்களில் கோடு போடு. அதே வரியில் சின்ஸ் இல்லாமல் முடிந்துபோன நாள் இருந்தால் ஹேவை எடுத்துவிடு. சந்தேகமான வரிகளை எனக்கு அனுப்பு, ராத்திரி பார்த்துவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா