குறையோடு வரும் மென்பொருளை ஏற்க விதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மண்டபத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித்தருகிறேன். எங்கள் பயிற்சி மையத்துக்கு மென்பொருள் பெரும்பாலும் பென்டிரைவில்தான் வரும். கச்சான் காற்று பலமாக அடித்தால் நெட்டை நம்பி எதுவும் செய்ய முடியாது.

அண்மையில் வந்த கணிதப் பயிற்சி மென்பொருள் ஒன்றை லினக்ஸ் ஓஎஸ் (இயங்குதளம்) உள்ள கணினிகளில் ஏற்றினோம். அது ஓடத் தேவையான வேறு பேக்கேஜ்கள் (லினக்ஸில் மென்பொருளைக் கட்டித்தரும் பொதிகள்) பென்டிரைவில் இல்லை. இப்படி நேர்ந்தால், பேக்கேஜை நிறுவும் டிபிகேஜி என்ற கருவி கோப்புகளைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பாதியில் நின்றுவிடும். சரி, அது ஒன்றுதானே என்று விடவும் வழியில்லை. அதைச் சீராக்கும் வரை தேவையானவற்றைத் தேடி ஏற்றித்தரும் ஏபிடி என்ற கருவி வேறெதையும் ஏற்ற விடாது. விடுபட்டதை நெட்டிலிருந்து இறக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்றியதையே நீக்க வேண்டும். அன்றைய வகுப்பு அதோடு போயிற்று.

கொடுத்தவர்களைக் கேட்டால், "நெட் இருந்தால் தானாக இறங்கிவிடுமே" என்கிறார்கள். ஐஸை நடுக்கடலில் வாங்கிக்கொள்ளலாம் என்று எங்கள் ஊரில் யாரும் படகை எடுப்பதில்லை.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் இதற்குத் தெளிவான விதி உண்டு. அதன் 'மெயின்' பிரிவில் உள்ள பேக்கேஜ் இயங்கத் தேவையானவை அந்தப் பிரிவுக்குள்ளேயே இருக்க வேண்டும். தான் சுதந்திர மென்பொருளாக (யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடியதாக) இருந்தும் வெளியே உள்ள ஒன்றை நம்பியிருந்தால் அதற்கு 'கான்ட்ரிப்' என்று தனி இடம். தேவை நிறைவேறாத பேக்கேஜ் புதியவை முதலில் வரும் 'அன்ஸ்டேபிள்' கிளையிலிருந்து, அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் 'டெஸ்டிங்' கிளைக்கு நகராது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். ஆக, இது நமக்கு எட்டாத முறை அல்ல.

குறை இருக்கிற எல்லாவற்றையும் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. கட்டாயத் தேவை வேறு, இருந்தால் நல்லது என்பது வேறு. இரண்டாவது இல்லையென்றால் தாராளமாக ஏற்கலாம். முதலாவது இல்லையென்றால் மென்பொருளைத் தனியே வைத்து, எது குறைகிறது, எங்கே கிடைக்கும், யார் தருவார் என்று எழுதி வாங்க வேண்டும். வெளியில் இருப்பது என்றைக்கும் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற பதினோரு வரி நிரல் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைப் பகிரும் என்பிஎம் என்ற இணையக் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டதும், அதை நம்பியிருந்த எத்தனையோ மென்பொருள்களை உருவாக்க முடியாமல் போனது.

பள்ளிகளுக்கும் பயிற்சி மையங்களுக்கும் மென்பொருள் வாங்குகிற அதிகாரிகள், புதிதாக ஓஎஸ் போட்ட கணினியில், நெட் கேபிளைக் கழற்றிவிட்டு நிறுவிப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும் முன் இதை ஓர் உத்தரவாகவே போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.