பழைய ரிசீவரைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள்: கொங்கு மண்டலத்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் டிவியும் ஹோம் தியேட்டரும் விற்கும் கடைக்காரர்களுக்கு வணக்கமுங்க.

நீங்கள் விற்பதை வீடுகளில் மாட்டிக் கொடுப்பது என் தொழில். புதிதாக வாங்கிய 4கே பிளேயரைப் பழைய ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களை ஓட்டும் பொட்டி) வழியாக டிவிக்குக் கொடுத்தால், பல வீடுகளில் திரை கருப்பாகிவிடுகிறது. கடைக்குப் போன் போட்டால், "ரிசீவர் பழசுங்க, மாத்திருங்க" என்கிறார்கள். பல வீடுகளில் அதற்குத் தேவையே இல்லை.

கோபி பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் பெரியவர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, நேத்து வரைக்கும் நல்லாப் பாடுன பொட்டிதானுங்களே, இன்னிக்கு எப்படிங்க கெட்டுப்போகும்?"

கெடவே இல்லை. எச்டிஎம்ஐ ஒயரில் படம் போகும் முன், இரு முனையிலும் உள்ள கருவிகள் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும். இன்டெல் உருவாக்கிய எச்டிசிபி என்ற நகல் தடுப்பு அது. 4கே படங்கள் பொதுவாக 2.2 பதிப்பைக் கேட்கும். பழைய ரிசீவரில் இருப்பது 1.4. இடையில் ஒரு கருவி பழையதாக இருந்தாலும் பிளேயர் படத்தை நிறுத்திவிடும், இல்லையென்றால் தரத்தைக் குறைத்துவிடும். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் அப்படியே நன்றாகத்தான் இருக்கின்றன.

அங்கே பிளேயர் ஒயரை நேரே டிவிக்குக் கொடுத்தேன். டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து, அதாவது ஒலியை ஒளியாக அனுப்பும் துளையிலிருந்து, ரிசீவருக்கு ஓர் ஒயர். முனையில் இருந்த சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிச் செருகியதும், ரிசீவர் முகப்பில் டால்பி டிஜிட்டல் என்று எழுத்து வந்தது. பின் ஸ்பீக்கரிலும் சத்தம் வரவே பெரியவர் திரும்பிப் பார்த்தார். தோஷிபா 1983-ல் கொண்டுவந்த அந்த இணைப்பில் இன்றைக்கும் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ஒலி போகிறது. ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ, அட்மாஸ் போன்ற உயர்தர ஒலி வகைகள் போகாது. அது வேண்டுமென்பவருக்குப் புது ரிசீவரைத் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். சில 4கே டிஸ்க் பிளேயர்களில் ஒலிக்கென்றே இரண்டாவது எச்டிஎம்ஐ இருக்கிறது. அதைப் பழைய ரிசீவரில் கொடுத்தால், அந்த ரிசீவருக்குத் தெரிந்த உயர்தர ஒலிகூட வரும். சில டிவிகளோ எச்டிஎம்ஐயில் வரும் ஒலியை ஆப்டிகலில் வெறும் ஸ்டீரியோவாக்கித்தான் வெளியே விடும். எந்த மாடல் எப்படி என்று விற்கிறவர்தானே சொல்ல வேண்டும்?

படம் எடுத்தவர் உழைப்பைத் திருடக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் எச்டிசிபியின் முதல் தலைமுறை மூலச்சாவி 2010-லேயே வெளியில் கசிந்துவிட்டது, இன்டெல்லும் ஒப்புக்கொண்டது. திருடுகிறவன் அதற்காக நின்றுவிடவில்லை. காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவர்தான் கருப்புத் திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இது புதிதும் அல்ல. எஸ்ஏசிடி என்ற உயர்தர இசைத் தட்டு வந்த காலத்தில், நகல் எடுத்துவிடுவார்கள் என்று அதன் முழு ஒலியை ஆப்டிகலில் விடவில்லை. 5.1 கேட்க ஆறு அனலாக் ஒயர் இழுக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் முடிவு செய்தது நீங்கள் அல்ல. ஆனால் வாங்க வருபவர் முகம் பார்த்துப் பேசுவது நீங்கள்தான். வாங்கும் பொருளின் தரத்தை அறியும் உரிமையை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கிறது. வீட்டில் என்ன ரிசீவர் வைத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். டிவி ஒலியை எச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி ஏஆர்சியா, அதைவிடப் புதிய இஏஆர்சியா, ஆப்டிகலில் 5.1 வருமா, எச்டிசிபி எந்தப் பதிப்பு என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். சந்தேகப்படுகிறவரிடம் அந்த ரிசீவரைக் கடைக்கே எடுத்து வரச் சொல்லி, உங்கள் டெமோ டிவியில் செருகிக் காட்டிவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.