லயத்தில் இருக்கிறோம் என்பதற்குச் சான்று: விசா அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாட்டினருக்கான விசா, பதிவு, நீட்டிப்பு வேலைகளைப் பார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் கொல்லம் மாவட்டம் குளத்துப்புழையில் ரப்பர் பால் வெட்டுகிறவன். என் மனைவி இலங்கைப் பிரஜை. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் மகளுக்கு ஐந்து வயது, அவளிடம் இருப்பதும் இலங்கைப் பாஸ்போர்ட்தான். இந்தியக் குடிமகனின் மனைவி, இந்தியக் குடிமகனின் குழந்தை என்ற முறையில் இரண்டு பேரும் எக்ஸ் விசாவில் என்னோடு இருக்கிறார்கள். எங்களுக்கு ஒவ்வொரு வருடமாகத்தான் நீட்டித்துத் தருகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறோம்: "வீட்டு விலாசத்துக்குச் சான்று எங்கே?"

எங்கள் வீடு எஸ்டேட் லயம். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. என் மனைவியின் ஊரில் இதை லயன் என்பார்கள், இங்கே லயம். பத்திரம் எங்கள் பேரில் கிடையாது. வாடகை கொடுக்காததால் வாடகை ஒப்பந்தமும் கிடையாது. கரண்ட் பில் தோட்டத்தின் பேரில் வருகிறது. என்னிடம் இருப்பது ரேஷன் கார்டும், நான் இன்ன லயத்தில் இன்ன வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறேன் என்று எஸ்டேட் ஆபிசில் எழுதி முத்திரை போட்டுத் தந்த கடிதமும்தான். ரேஷன் கார்டில் மனைவி பேர் இல்லை, வெளிநாட்டுக்காரி என்பதால் சேர்க்க முடியாது. கடிதம் செல்லாது என்கிறீர்கள். வாடகை ஒப்பந்தமோ பத்திரமோ கொண்டு வா என்கிறீர்கள்.

இந்த லயத்துக்கு நாங்கள் எப்படி வந்தோம் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1964 அக்டோபர் 30ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் எங்கள் குடும்பமும் இரண்டானது. தாத்தாவுக்கு இந்தியா கிடைத்தது. என் அப்பாவின் அக்காவை, அதாவது என் அத்தையை, இலங்கைப் பிரஜாவுரிமை பெற்ற ஒரு குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர் அங்கேயே நின்றுவிட்டார். 1977இல் தாத்தாவும் பாட்டியும் அப்பாவும் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, செங்கோட்டை வழியாக மீட்டர்கேஜ் ரயிலில் புனலூர் வந்து சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்காகவே போட்ட ரப்பர் தோட்டம் இது. இந்த லயத்தை எங்களுக்குக் காட்டி, இதுதான் உங்கள் வீடு என்று சொன்னது அரசாங்கம்.

அந்த வீட்டில் நான் இருக்கிறேனா என்று அரசாங்கத்துக்கு நான் பத்திரம் காட்ட வேண்டியிருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

என் மனைவி அந்த அத்தையின் மகள். 2019இல் ஹட்டனில் கல்யாணம், அங்கேயே பதிவும் செய்தோம். இந்தியாவுக்கு வர விசா கேட்டபோது வந்த முதல் சிக்கல் பேர். அவள் பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பேர் முன்னால் முழுதாக இருக்கிறது. கல்யாணச் சான்றிதழிலும் அப்படியே. சான்றிதழில் என் பேரும் அதே மாதிரிதான். ஆனால் என் ஆதாரில் அப்பா பேர் ஒரே எழுத்து, என் பாஸ்போர்ட்டில் அதை விரித்துப் பின்னால் போட்டிருக்கிறார்கள். என்னுடைய இந்த மூன்று தாளிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழி எழுதி வாங்க வேண்டியிருந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. பேர் மாறி இருந்தால் கேட்கத்தான் வேண்டும்.

அப்புறம் 2020 வந்தது. மார்ச்சில் விமானங்கள் நின்றன. ஜூலையில் மகள் பிறந்தபோது நான் குளத்துப்புழையில் இருந்தேன். போனில்தான் முகம் பார்த்தேன். இந்த இடத்தில் எங்களுக்குத் தெரியாமல் போன ஒரு விஷயத்தை எழுதுகிறேன், இதைப் படிக்கிற யாராவது ஒரு குடும்பத்துக்காவது உதவட்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு, அப்பாவோ அம்மாவோ இந்தியராக இருந்தால், வம்சாவளியால் இந்தியக் குடியுரிமை உண்டு. ஆனால் பிறந்து ஒரு வருடத்துக்குள் அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் பதிய வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் குழந்தைக்கு இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கவும் வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

இது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஊரடங்கில் ஒரு வருடம் போய்விட்டது. 2022இல் இலங்கையில் பெட்ரோலுக்கும் கேசுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற நேரத்தில், எப்படியாவது இரண்டு பேரையும் கூட்டிவந்துவிட வேண்டும் என்று குழந்தைக்கு இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்தோம். அந்தப் பாஸ்போர்ட்டோடு அந்த வழி அடைபட்டது. இதே குழந்தை புனலூர் தாலுக்கா ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பிறந்த அன்றே இந்தியக் குடிமகள். இப்போது அங்கன்வாடியில் மலையாளத்தில் பாட்டுப் பாடுகிற பிள்ளைக்கு விசா முடியும் தேதி என்று ஒன்று இருக்கிறது. அதை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். அது யார் பிறந்தநாள் என்று அவள் கேட்கிறாள்.

கல்யாணத்தைப் பதிகிற அன்றைக்கே தமிழில் அச்சடித்த ஒரு தாள் எங்கள் கையில் கிடைத்திருந்தால் இது நடந்திருக்காது. இரண்டு கரையிலும் பேசுவது தமிழ்தான். மலையகத்துக்கும் இந்த எல்லை ஊர்களுக்கும் இடையே கல்யாணங்கள் புதிதில்லை. பிரிந்த சொந்தங்கள் அப்படித்தான் திரும்பச் சேருகின்றன. அந்தத் தாளை நீங்கள்தான் எழுத முடியும். இங்கே அரசாங்க விண்ணப்பங்களை ஆன்லைனில் போட்டுத் தருகிற அக்ஷயா சென்டரில் எனக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிற பெண் நல்லவர், பொறுமையானவர். ஆனால் எந்தத் தாள் வேண்டும் என்று அவரும் ஊகித்துத்தான் சொல்கிறார். ஒரு தடவை அனுப்பிய பட்டியலும் அடுத்த தடவை கேட்ட பட்டியலும் ஒன்றாக இருந்ததில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எனக்கு ஒரு நாள் பால்வெட்டுக் கூலி போகிறது.

வீட்டு விசாரணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணம் உண்மையா, சேர்ந்து வாழ்கிறோமா என்று பார்ப்பது உங்கள் கடமை. பொய்க் கல்யாணங்கள் நடக்கின்றன என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் தோட்டத்தில் இருந்த நேரத்தில் ஒரு காவலர் வந்து, என் மனைவியை வாசலில் நிறுத்தி, பக்கத்து வீடுகளில் இருந்தவர்களை வெளியே கூப்பிட்டு, இந்தப் பெண் இங்கேதான் தூங்குகிறதா என்று சத்தமாகக் கேட்டார். அவர் மலையாளத்தில் கேட்டது அவளுக்குப் பாதிதான் புரிந்தது. சிரிப்புச் சத்தம் முழுதாகப் புரிந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் தண்ணீர்க் குழாய்க்குப் போகவில்லை. விசாரணைக்கு வருகிறவர் முன்னால் ஒரு போன் பண்ணட்டும், உள்ளே வந்து உட்காரட்டும். எங்கள் வீட்டில் கல்யாணப் படம் சுவரில்தான் மாட்டியிருக்கிறது.

இன்னொன்று, இது எங்கள் வீட்டுக் கதை இல்லை. நீட்டிப்புக்கு ஒவ்வொரு முறையும் இந்தியக் கணவன் கடிதம் எழுதித் தர வேண்டும். நான் எழுதித் தருகிறேன். எழுதித் தராத கணவன் என்றால் அந்தப் பெண் என்ன செய்வாள்? அடிக்கிறவன் கையில் அவளுடைய விசாவும் இருக்கிறது என்றால் அவள் வாயைத் திறப்பாளா? கணவன் கையெழுத்து இல்லாமலும் ஒரு மனைவி உங்களிடம் நேராக வந்து பேச ஒரு வழி இருக்க வேண்டும். அந்த வழியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அலுவலக வாசலில் எழுதிப் போட வேண்டும்.

குடியுரிமைக்கு நாங்கள் அவசரப்படவில்லை. இந்தியரை மணந்தவர் ஏழு வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம், காத்திருக்கிறோம். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து இந்தியாவில் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. போன வருடம் அத்தை இறந்தபோது என் மனைவி போய் 16 நாள் இருந்து வந்தாள். கடைசி 12 மாதத்தில் இப்படி ஒரு சாவு வந்தால் என்ன செய்வது என்று பயந்துகொண்டிருந்தோம். தகுந்த காரணம் இருந்தால் 30 நாள் வரை தளர்த்த சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்று தென்காசியில் ஒரு வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. இப்படி எங்களுக்குச் சாதகமாக இருக்கிற விதிகளையும் நாங்கள் யார் யாரிடமோ கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எஸ்டேட் லயத்தில் இருக்கிறவர்களுக்கு எஸ்டேட் ஆபிஸ் கடிதத்தையே விலாசச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் வில்லேஜ் ஆபிசரையோ பஞ்சாயத்து மெம்பரையோ கேளுங்கள், அவர்களுக்கு எங்கள் லயத்தில் ஆடு எத்தனை என்பதுகூடத் தெரியும். மூணாறு, பீருமேடு பக்கமும் தோட்ட வீட்டில் வாழ்கிறவர்களின் நிலைமை இதுதான். இல்லாத வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டால் ஜனங்கள் பொய்யாக ஒன்றை எழுதி வாங்குவார்கள். எனக்கும் ஒருவர் அந்த யோசனையைச் சொன்னார், 500 ரூபாய் முத்திரைத்தாள் போதும் என்றார். நான் செய்யவில்லை. நாளைக்கு என் மகள் குடியுரிமை கேட்கும்போது அவள் ஃபைலில் ஒரு பொய்த் தாள் இருக்கக் கூடாது.

அடுத்த மாதம் மறுபடி நீட்டிப்புக்கு வருகிறோம், மூன்று பேரும். எஸ்டேட் கடிதம் கொண்டு வருவேன். கூடவே, இந்தியாவுக்குத் திரும்புவதற்காகக் கண்டியில் தாத்தாவுக்குக் கொடுத்த குடும்ப அட்டையையும் இந்தத் தடவை எடுத்து வருகிறேன். மடிப்பெல்லாம் கிழிந்து பாட்டி சேலைத் துணியில் சுற்றி வைத்தது. அதில் தாத்தா, பாட்டி, அப்பா பேர் இருக்கிறது, அரசாங்க முத்திரை இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொஞ்சம் நேரம் எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
குளத்துப்புழையிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி