கால்வாய்ப் பாலத்தில் நின்ற அண்ணனுக்கு

பெயர் தெரியாத ஒருவருக்கு நாற்பது வருடத்துக்கும் மேல் தாமதமாக ஒரு நன்றி.

1982 மார்ச் 1, பகவதி அம்மன் கோயில் மாசிக் கொடைத் திருவிழா சமயத்தில் குமரி மாவட்டம் மண்டைக்காட்டில் கலவரம், துப்பாக்கிச் சூடு. அப்புறம் கடற்கரைக்காரர்களான மீனவக் கிறிஸ்தவர்களும் உள்ளூர்ப் பக்கத்து இந்துக்களும் ஒருவர் தெருவில் ஒருவர் கால் வைக்கவில்லை. எங்கள் கடற்கரை ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஏ.வி.எம். கால்வாய். பாலம் தாண்டினால் 'அவங்க' ஊர். நாலாம் வகுப்பு போகவேண்டிய என்னை அம்மா வீட்டிலேயே நிறுத்திவிட்டாள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் அந்தப் பக்கத்துப் பனையேறி அண்ணன் ஒருவர், இடுப்பில் அருவாப்பெட்டியோடு பாலத்தில் வந்து நின்றார். பெட்டியைப் பார்த்தே அம்மாவுக்கு நடுக்கம்! "பயப்படாதீங்க அக்கா, எம் பிள்ளையும் அங்கதான் படிக்கு. சாயங்காலம் இதே பாலத்துல கொண்டு விடுவேன்" என்றார். ஐந்து பேர் போனோம். அந்த வருடம் முழுக்க விட்டார். அதற்காக அவர் ஊரில் என்ன ஏச்சு வாங்கினாரோ, எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

முதலில் தனித்தனி பெஞ்சுதான். ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. எல்லோருக்கும் ஒரே வரிசை. அண்ணனின் மகள் என் தட்டில் ஒரு கருப்பட்டித் துண்டை வைத்தாள். மறுநாள் நான் நெத்தோலிக் கருவாடு கொண்டுபோனேன். வாத்தியார் எழுந்து ஜன்னலைத் திறந்தார், பாவம்.

அண்ணனின் வீட்டார் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள்: அந்த ஐந்து பேரில் ஒருத்தி இப்போது டீச்சர். கருப்பட்டிக்காரியைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.